அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் அவசரமா?

பெங்களூரில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டாயிற்றா என்ற கேள்வி எப்படியும் எழுந்துவிடும். 1972-இல் பதிவான என் மார்க் 2-இல் டிஸ்க் இல்லை. ஆனாலும் பிரேக்கை மேம்படுத்தும் வேலை முடிந்துவிட்டது.

அந்த வண்டியின் பெரிய குறை, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தும் வகை) இருப்பதன்று; நான்குக்கும் ஒரே எண்ணெய் வழி இருப்பதுதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும், மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே ஹலசூரில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் டேண்டம் மாஸ்டர் சிலிண்டரையே (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகத்தின் இரட்டை வகை) முதலில் பொருத்தச் சொன்னேன். அதற்குள் இரண்டு பிஸ்டன்கள் இருப்பதால் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி வழி கிடைக்கிறது. ஒன்று கசிந்து தீர்ந்தாலும், பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலும், மற்றது வண்டியை நிறுத்தும். ஹோஸ்களையும், ஷூவின் மேல் ஒட்டும் உராய்வுப் பட்டையான லைனிங்கையும் ஜே.சி. ரோட்டில் புதிதாக வாங்கிக்கொண்டோம்.

டிஸ்க் வீண் என்று நான் சொல்லவில்லை. நந்தி மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். டிஸ்க்கோ வெளிக்காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறிவிடும். (இறக்கத்தில் இரண்டாம் கியரில் வருகிறவருக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறையும் என்பது வேறு.) ஆனால் சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்துப் பிடிப்பைக் கூட்டித் தருவதுபோன்ற உதவி டிஸ்க்கில் கிடையாது என்பதால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமல் போட்டால் காலுக்குத்தான் வேலை. டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு பெரும்பாலும் இருக்கும். அதை அப்படியே விட்டு டிஸ்க்கை இணைத்தால், அதை இறுக்கிப் பிடிக்கும் பேடு எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கும்.

செலவு குறைந்த மேம்பாடு பிரேக் ஆயிலை மாற்றுவதுதான். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தரப்பிரிவுகள். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 குறைந்தது 230 வரையிலும் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு முறையே 140, 155 என்று இறங்கிவிடுகிறது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதிகளின்படி ‘விஏ’ வரிசைப் பதிவு பெற, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். கறாராகப் பார்த்தால் என் டேண்டம் சிலிண்டரும் மாற்றமே. அதனால்தான் புதிதாக எதையும் துளையிடாமல் பழைய போல்ட் துளைகளிலேயே அதைப் பொருத்தச் சொன்னேன். கழற்றிய அசல் சிலிண்டரும் என்னிடமே இருக்கிறது.