அ தட்டினால் ற

"தம்பி, அ தட்டினா ற வருது. ம தட்டினா ஒண்ணுமே வரல."

காலையில் செந்தூல் வீட்டில் அம்மா என் லினக்ஸ் மடிக்கணினியில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைப் பழகிக்கொண்டிருந்தார். தட்ட நினைத்த சொல், 'அம்மா'.

விசைப்பலகை நன்றாகத்தான் இருந்தது. தட்டும் விசையை எழுத்தாக மாற்ற நான் சி மொழியில் எழுதிய உள்ளீட்டு லைப்ரரியில்தான் பிழை.

அ விசைக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் எண் 30. திரையையும் விசைகளையும் கையாளும் எக்ஸ்11-இல் அதே விசை 38. 1987-இல் வந்த எக்ஸ்11 நெறிமுறையில் விசை எண்கள் 8-இலிருந்துதான் தொடங்கும். அதனால் கெர்னல் எண்ணோடு 8 கூட்டி அனுப்ப வேண்டும். நான் கூட்டவில்லை. எக்ஸ்11-இல் 30 என்றால் ற.

ம-வின் கெர்னல் எண் 37. எக்ஸ்11-இல் அது இடது கண்ட்ரோல் விசை.

அதனால்தான் அந்த மௌனம். துப்பு கொடுத்ததும் அதுதான். ற மட்டும் வந்திருந்தால் எழுத்து அட்டவணையைத்தான் நோண்டிக்கொண்டிருப்பேன்.

அரை மணி நேரமாகத் தன் விரல்தான் தவறு என்று அம்மா நினைத்திருக்கிறார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. கணினி தப்பாகக் காட்டினால் தன்னைக் குறை சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுகிற பெரியவர்கள் எத்தனை பேரோ.

ஒரே வரி. 8 கூட்டினேன்.

'அம்மா' சரியாக வந்தது. அடுத்து, பாட்டியின் பெயரைத் தட்டத் தொடங்கினார்.