திரைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை

பள்ளி நாடகக் குழுவுடன் பெரிய அரங்குகளுக்குச் சென்ற பயணங்களில், நடிப்பைக் காட்டிலும் திரைக்குப் பின்னால் நடக்கும் வேலைகளே என்னை ஆழமாக ஈர்த்தன. மேடையின் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதுதான், ஒரு காட்சி எத்தனை பேரின் கைகளால் நிகழ்கிறது என்பதை மாணவர்கள் உணர்கிறார்கள்.

மேடை மேலாளரின் பணியை எல்லா மாணவரும் ஒருமுறையேனும் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வசனப் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் ஒலி மாற்றத்துக்கும் எண் குறித்துவைத்து, முதலில் ‘ஸ்டாண்ட்பை’ என்று எச்சரித்து, உரிய வசனம் வந்த நொடியில் ‘கோ’ என்று அவர் சொன்ன பிறகே இயக்குபவர் விசையைத் தொடுவார். அதனால் ‘கோ’ என்ற சொல்லைப் பணியின்போது வேறு எதற்காகவும் உச்சரிப்பதைத் தவிர்ப்பார்கள்.

ஒளியமைப்பும் அத்தகைய கவனத்தைக் கோருவது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் சேர்ந்தால் வெண்மை பிறக்கும் என்று பாடநூலில் படித்தவர்கள், பச்சை ஒளியில் சிவப்பு உடை கறுத்துத் தெரிவதை மேடையில் கண்டதும், உடையமைப்பாளரும் ஒளியமைப்பாளரும் முன்கூட்டியே கலந்து பேசுவதன் காரணத்தைத் தாமே சொல்லிவிடுகிறார்கள். முன்னாலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒளியே உருவத்துக்குத் திரட்சி தருகிறது.

தொங்கும் திரைகளைச் சமன்செய்யும் எதிர் எடைகளைப் பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டும். அங்கே மாணவர்கள் விலகி நின்று பார்த்தாலே போதும். இருட்டில் படிகளின் விளிம்பைக் காட்டும் ஒளிரும் ஒட்டுநாடாவை ஒட்டுவதும், நாடகப் பொருள்களுக்கான மேசையில் ஒவ்வொன்றுக்கும் கட்டம் வரைந்து பெயரெழுதி, காட்சி முடிந்ததும் அதே கட்டத்தில் திரும்ப வைப்பதும் அவர்களே முழுப் பொறுப்புடன் செய்யக்கூடியவை.