மூன்றாவது ஓலை வரை

ஜனவரி 7, செவ்வாய்

அம்மாவின் கல்யாண மோதிரத்தைச் சுற்றியிருந்த பஞ்சைப் பிரித்து மறுபடியும் பார்த்தேன். அறுத்த இடத்தில் இரண்டு முனையும் இன்னும் கூராகத்தான் இருக்கின்றன. விரலில் நுழைத்தபோது துப்பட்டா நூலை இழுத்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

கல்யாண மோதிரம் பார்க்க அப்பா காரைக்குடிக்குக் கூட்டிப்போனார். கடைப் பையன் பொறுமையானவன். என் நிச்சயதார்த்த மோதிரத்தை வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒவ்வொரு மோதிரமாக வைத்துக் காட்டினான். நேரான வளையம் எதுவும் ஒட்டி உட்காரவில்லை. நடுக்கல் தாழ இருப்பதால் அதன் விளிம்பு இடிக்கிறதாம். லேசாக வளைத்துச் செய்த ஒன்றை எடுத்து வந்தான். 18 கேரட், உள்ளே அதன் தூய்மையைச் சொல்லும் 750 முத்திரை, நகைக்கு நகை மாறும் ஆறு எழுத்து அடையாளக் குறியான ஹெச்.யு.ஐ.டி. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டும் ஒரே கேரட்டாக இருந்தால் ஒன்றை ஒன்று அதிகம் தேய்க்காது என்றான். அளவை சாயங்காலம் எடுப்பதுதான் நல்லது, காலையில் விரல் மெலிந்திருக்கும் என்றும் சொன்னான். அப்பாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "இதையே எடுத்துக்கலாம் பாப்பா."

என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். அம்மாவோடதைப் பற்றவைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று. ரஸ்தா ஸ்டாப் வரும்வரை அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 10, வெள்ளி

பத்தர் பட்டறை. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு நகை செய்பவர். அம்மாவின் மோதிரத்தைத் தராசில் வைத்தார். 3 கிராம் 240 மில்லி. "செய்யும்போது அரைப் பவுன், முழுசா நாலு கிராம். நான்தான் நிறுத்துக் கொடுத்தேன்" என்றார். மீதி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அம்மியில், விளக்குமாற்றுப் பிடியில், அடிபம்பில், எங்கள் துணிகளில்.

கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு உள்பக்கம் பார்த்தார். எனக்கும் கொடுத்தார். அப்பா பெயரின் முதல் எழுத்து அழிந்துவிட்டது. தேதியில் நாளும் மாதமும் இல்லை. 91 மட்டும் இருக்கிறது. ஒன்பதின் வால் பாதிதான்.

என் மோதிரத்துக்குப் பக்கத்தில் இதைப் போடப்போகிறேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "வேணாந்தாயி. இது 22. அது 18, அதோட தோள்ல பொடிக்கல்லு விளிம்பு வரைக்கும் வந்திருக்கு. வைரம் அரம் மாதிரி. உரசி உரசித் தின்னுரும்."

ஜனவரி 12, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கும் அறிவிப்பு. அப்பா பெயர். பிறகு "காலஞ்சென்ற". அதற்குப் பின் வந்த பெயர் என் காதில் விழவில்லை.

ஜனவரி 13, திங்கள்

வகுப்பில் நானே எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன்! கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கம் 9, தங்கம் 3-ஐத் தாண்டாது. கரும்பலகையில் எழுதும்போது அது வெறும் எண். இன்று முழுக்க அந்த எண்தான் மண்டைக்குள் ஓடுகிறது.

பத்தர் மிகைப்படுத்துகிறாரோ என்றும் தோன்றுகிறது. பத்தாவது பாஸானபோது அத்தை போட்ட மோதிரமும் 22 கேரட்தான். அதை நிச்சயதார்த்த மோதிரத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். பார்க்கலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

மூன்று நாள்தான். பாத்திரம் தேய்த்தேன், மாவு பிசைந்தேன், ஸ்கூட்டி ஓட்டினேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்தரின் கண்ணாடியில் பார்த்தேன். அத்தை மோதிரத்தின் ஒரு பக்க விளிம்பு முழுக்கக் கோடு. நெருக்கமாக, ஒரே திசையில், வைக்கோல் பரப்பிய மாதிரி, புதிதாகப் பளபளத்துக்கொண்டு. எதிர்ப்பக்க விளிம்பு பழைய மங்கலோடு அப்படியே இருந்தது.

பத்தர் என் மோதிரத்தையும் திருப்பிக் காட்டினார். சேதம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லையாம். பக்கத்து மோதிரம் இடித்துக்கொண்டே இருந்தால் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி தளரும். கொக்கி தளர்ந்தால் கல் எங்கே விழுந்தது என்றே தெரியாது. அது வெள்ளைத் தங்கம் வேறு, உரசுகிற இடத்தில் மேல்பூச்சு போய் உள்ளே இருக்கும் மஞ்சள் எட்டிப்பார்க்கும்.

மூன்று நாளுக்கே இப்படி. அம்மா அதை 33 வருஷம் போட்டிருந்தாள்.

ஜனவரி 17, வெள்ளி

பக்கத்து வளவு ஆச்சியிடம் போய் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி வைரத்தோட்டை ஒரு துணியில், மூக்குத்தியை இன்னொரு துணியில், தனித்தனியாக முடிந்துதான் பெட்டியில் வைப்பார். சின்னப் பிள்ளையில் அது திருட்டுப் பயம் என்று நினைத்திருந்தேன். இன்று கேட்டேன். "ஒண்ணா போட்டா ஒண்ணை ஒண்ணு கீறிரும் ஆத்தா. வைரத்தை வைரந்தான் கீறும், தங்கத்தைக் கேக்கவே வேணாம்." அப்புறம், "ரெண்டையும் ஏன் ஒரே விரல்ல போடணுங்கிறே?" என்றார்.

பதில் சொல்லாமல் தரையில் ஆத்தங்குடிக் கல்லின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவரை அம்மா பார்த்ததில்லை. ஒரு தடவைகூட. பெண் பார்க்க வந்ததே அம்மா போன பிறகுதான். அம்மா போட்டதும் அவர் போட்டதும் எங்காவது ஓரிடத்தில் ஒட்டி இருக்க வேண்டும் எனக்கு. அவ்வளவுதான்.

ஜனவரி 18, சனி

சிங்கப்பூரிலிருந்து அவர் போன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் குடுத்ததைக் கழற்றி வெச்சிரு. அம்மாவோடதை மட்டும் போட்டுக்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. எதற்கு வந்தது என்று இப்போதுகூடத் தெரியவில்லை. சரியாகப் பேசாமல் வைத்துவிட்டேன்.

கழுத்துச் செயினில் கோத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அங்கேயும் அது தாலியை உரசும்.

ஜனவரி 19, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்தத் தடவை அம்மா பெயரைக் கேட்டேன். முழுதாக.

ஜனவரி 21, செவ்வாய்

பத்தர் வழி சொன்னார்! வளையலுக்குக் காப்பு வளையல் போடுவது போல, நடுவில் மெல்லிய மோதிரம் ஒன்று. கல் இல்லாமல், வேலைப்பாடு இல்லாமல், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில். அதையும் 22-லேயே செய்துவிடலாம் என்கிறார். அம்மாவோடதும் அதுவும் ஒரே மாற்று, இரண்டு பக்கமும் வழவழப்பு, அதனால் உரசினாலும் பெரிதாகத் தேயாது. கல் பக்கத்துத் தேய்மானம் முழுவதையும் நடு மோதிரம் வாங்கிக்கொள்ளும். "பத்து வருஷத்துல அது மெலிஞ்சிரும். கொண்டா, மாத்தித் தர்றேன். நான் இல்லைன்னா என் பையன் தருவான்."

மூன்றையும் சேர்த்தால் ஆறரை மில்லிமீட்டர். அகலம் கூடினால் பிடிப்பும் கூடும், அதனால் மூன்றுமே ஒரு நம்பர் கூட வேண்டும். அட்டையை அதே அகலத்துக்கு வெட்டி விரலில் சுற்றிக்கொண்டு நாள் பூராவும் இருந்தேன். மடக்க முடிகிறது. சாக்பீஸ் பிடிக்க முடிகிறது.

மூன்றையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் அசையவே அசையாதே என்று கேட்டேன். அதுவும் செய்யலாம், ஆனால் பிறகு பிரித்தால் காயம் படும் என்றார். வேண்டாம்.

ஜனவரி 22, புதன்

அம்மாவின் மோதிரத்தைப் பெரிதாக்க அறுத்த இடத்தில் நெல் அளவுக்குத் தங்கம் வைக்க வேண்டும். அத்தை மோதிரத்தைக் கொடுத்துவிட்டேன். நடு மோதிரமும் அதிலேயே ஆகிவிடும். அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அண்ணி மோதிரத்துக்கா? எடுத்துக்கடி" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நள்ளிரவு. நெருப்பில் வைத்தால் 91 என்ன ஆகும்?

ஜனவரி 23, வியாழன்

பட்டறை திறக்கும் முன்பே போய் நின்றேன். அறுத்த இடம் தேதிக்கு நேர் எதிரே இருக்கிறதாம். பற்றவைப்பதில் எழுத்து போகாது, மெருகு போடும்போதுதான் போகும் என்றார். உள்பக்கம் மெருகு வேண்டாம் என்று சொன்னேன். கறுப்பாக இருக்குமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ஜனவரி 25, சனி

அவரிடம் பேசினேன். நடு மோதிரத்தைப் பற்றிச் சொன்னேன். அதன் உள்ளே என்ன எழுதப்போகிறோம் என்று கேட்டார். நான் அதை யோசிக்கவே இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஆட்சேபணை எதுவும் இல்லை. பூசை முடிந்ததும் அப்பா பங்குச் சாமியாரிடம் தானாகவே போய்ப் பேசினார். மந்திரிக்கும் தட்டில் இரண்டு மோதிரம் வைக்கலாமா என்று கேட்டாராம். தாராளமாக வைக்கலாம் என்றாராம் சாமி.

வீட்டுக்கு வந்த பிறகு, நான் கேட்காமலேயே, "ஏழாம் தேதி, மே மாசம்" என்றார் அப்பா. அழிந்துபோன நாளும் மாதமும்.

ஜனவரி 28, செவ்வாய்

பத்தர் போன். பற்றவைத்தாயிற்றாம், வந்து போட்டுப் பார்க்கச் சொன்னார். 91 இருக்கிறதா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார், கூட வருகிறாராம்.