ஒன்று குறைகிறது

ஆபரேஷன் தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸாக, அதாவது சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக்கொடுப்பவராக, இருந்தவர்களுக்குத் தெரியும், நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருப்போம். மாப் (வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி), காஸ் துணி, ஊசி, கத்தி. வயிற்றைத் திறக்கும் முன் ஒரு கவுன்ட், மூடும் முன் ஒன்று, தோலைத் தைக்கும் முன் இன்னொன்று. மாப் பண்டலுக்கு ஐந்து. ரத்தத்தில் ஊறி உள்ளே கிடக்கும் மாப், பார்வைக்குக் குடலோடு குடலாக ஒட்டிப்போயிருக்கும். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி அதற்குள் ஒரு இழையை வைத்து நெய்கிறார்கள்.

நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் சீஃப் சர்ஜனை ஏறக்குறைய சாமியாகவே வைத்திருந்தோம். சும்மா இல்லை. ஒரு ராத்திரி, பைபாஸ் ரோட்டில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்த பையனைக் கொண்டுவந்தார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது. ஆறு பேர் ஆறு விதமாகக் கத்துகிறோம். ஒரே வேலையை மூன்று பேர் செய்கிறோம், ரத்தம் வாங்கப் போக ஆளில்லை. சீஃப் உள்ளே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நீ பிளட் பேங்க் போ. நீ சக்‌ஷன். சிஸ்டர், மாப் கொடுத்துட்டே இருங்க. மத்தவங்க பேச வேண்டாம்." பையன் பிழைப்பானா என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது: யோசிக்கிற வேலை இனி நம்முடையது இல்லை. அந்த நிம்மதியை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். பையன் பிழைத்தான். ஆனால் மறுநாள் சாதாரண ஹெர்னியா கேஸிலும் நான் அதே நிம்மதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியிருக்கும். ஒரு குடல் அடைப்பு கேஸ், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான்கு பண்டல் பிரித்திருந்தோம். மூடும் முன் எண்ணினால் பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். பத்தொன்பதுதான்.

"சார், ஒன்னு குறையுது."

"உள்ள எதுவும் இல்ல சிஸ்டர். நான் பார்த்துட்டேன். சூச்சர் கொடுங்க."

கையில் சூச்சர், தைக்கிற நூல், இருக்கிறது. கை நீளவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் கை விறைத்துப்போயிருந்தது. "சார், கவுன்ட் சரியாகல" என்று மறுபடி சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "என் மேல நம்பிக்கை இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. மயக்க மருந்து டாக்டர்தான், "ஒரு தடவை பார்த்துடலாம் சார்" என்றார். சீஃப் மறுபடி கையை உள்ளே விட்டுத் துழாவினார். இல்லை. எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வரும்போது, கீழே கிடந்த பச்சைத் துணியின் மடிப்புக்குள்ளிருந்து தியேட்டர் அசிஸ்டென்ட் அண்ணன் இருபதாவது மாப்பை உருவி எடுத்தார்.

ஆக, சீஃப் சொன்னதுதான் சரி. இந்தக் கதையை ஜூனியர்களிடம் சொன்னால் இங்கே முகம் வாடிவிடுகிறது. மாப் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கும் அன்று அவமானமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் மூடும் முன் "கவுன்ட்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்குப் போயிருந்தேன். மற்ற சீடர்கள் சொன்னதை நம்பாமல், காயத்தில் கையை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்ற தோமா உயிரை விட்ட இடம் என்று சொல்லப்படுகிற மலை. சின்ன வயதில் 'சந்தேகத் தோமா' என்று மறைக்கல்வி வகுப்பில் ஒருவரையொருவர் கிண்டல் செய்திருக்கிறோம். அன்றைக்கு அவர் எங்கள் தியேட்டர் ஆள் மாதிரித் தெரிந்தார். கேட்டதற்காக யேசு அவரை விரட்டிவிடவில்லை, வந்து தொட்டுப் பார் என்றார். நான் இன்றும் கை கழுவும்போது 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறேன். சொல்லிவிட்டுப் போய் எண்ணுகிறேன். ஜெபம் சொன்னேன் என்பதற்காக ஒரு மாப்பை எண்ணாமல் விட்டதில்லை.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் பத்தொன்பது அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக மறுவருஷம் ஆய்வு வந்தது. பிற்பாடு எங்கள் தியேட்டர் சுவரிலும் ஒட்டினார்கள். கத்தி வைக்கும் முன் எல்லோரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டுமாம். "ஆறு வருஷமா ஒண்ணா டீ குடிக்கிறோம், இப்ப பேரு சொல்லணுமா?" என்று எல்லோரும் சிரித்தோம். செய்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒருமுறை வாயைத் திறந்துவிட்ட பெண்ணுக்கு, இரண்டாம் முறை திறப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இப்போது நான் வேறு ஊரில் தியேட்டர் இன்சார்ஜ். "நீங்க சொன்னா சரியா இருக்கும் சிஸ்டர்" என்கிறார்கள். கேட்க இனிக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. போன மாதம் சேர்ந்த பெண் ஒருத்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறாள். பதினேழு என்று இழுக்கிறாள், நான் தலையசைக்கிறேனா என்று பார்க்கிறாள்.

அவள் எண்ணத் தொடங்கினால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.