நாளைய அலுவல் பட்டியல்

நாடாளுமன்றம் கூடுகிற நாட்களில் சாயங்காலம் ஆறு மணியானால் எனக்கு வேறு எதிலும் மனம் நிற்காது. மறுநாளுக்கான அலுவல் பட்டியல் வந்துவிட்டதா என்று மக்களவை இணையதளத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஆறு வருடம் உதவியாளராக இருந்தேன், பெரும்பாலும் நாகர்கோவிலில், கூட்டத்தொடர் சமயத்தில் சில வாரம் டெல்லியில். வேலையை விட்ட பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. உறுப்பினர் யார் என்பது இங்கே வேண்டாம், நான் சொல்ல வந்தது அந்தத் தாளைப் பற்றி.

அந்தத் தாளை முதலில் பார்த்தது வேலைக்குச் சேரும் முன்பு. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அப்போது கருங்கலில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலருக்கு அப்பா கடலில், சிலருக்கு அண்ணன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு ஊரிலும் ஜனங்கள் கோயில் வாசலில் கிடந்தார்கள். குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது டிசம்பர் 15ஆம் தேதிதான், புயல் அடித்துப் பதினைந்து நாள் கழித்து. ஒக்கி என்ற பேர் எங்கேயாவது அச்சில் வருகிறதா என்று தேடப்போய்த்தான் அலுவல் பட்டியல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. அந்தத் தொடரிலேயே விவாதத்துக்கும் வந்தது. அந்த வரியைப் பட்டியலில் பார்த்தபோது ஏன் என்று தெரியவில்லை, அழுதுவிட்டேன்.

டிவியில் பார்ப்பவர்களுக்கு நாடாளுமன்றம் என்றால் கூச்சல், பதாகை, வெளிநடப்பு. பட்டியலைப் பார்த்தால் அது வேறு உலகம். யாராவது மறைந்திருந்தால் முதலில் இரங்கல் குறிப்பு. அடுத்து கேள்விகள்: 11 மணியிலிருந்து 12 வரைக்குமான அந்த ஒரு மணி நேரமும் பட்டியலில் ஒரே வரிதான், தனிப் பட்டியலில் உள்ள கேள்விகள் கேட்கப்பட்டுப் பதில் தரப்படும் என்று. பிறகு மேசையில் வைக்கப்படும் ஆவணங்கள், குழுக்களின் அறிக்கைகள், அறிமுகமாகும் மசோதாக்கள், விதி 377ன் கீழ் உறுப்பினர்கள் எழுப்பும் விஷயங்கள், அப்புறம் விவாதித்து நிறைவேற்ற வேண்டிய மசோதாக்கள். வெள்ளிக்கிழமை என்றால் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும், அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் கொண்டுவருபவற்றுக்கு. இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக ஒன்று ஆனது 1970ல். ஆனாலும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். கட்சி எழுதிக்கொடுத்த காகிதம் இல்லாமல் ஒருவர் தனக்குத் தோன்றியதைப் பேசுவதை அப்போதுதான் கேட்க முடியும்.

மேசையில் வைக்கப்படும் ஆவணங்கள் பகுதியை யாரும் படிப்பதில்லை. நான் வரிவிடாமல் படிப்பேன். ரப்பர் வாரியத்தின் ஆண்டறிக்கை, தென்னை வளர்ச்சி வாரியத்தின் தணிக்கை செய்த கணக்கு என்று நம் ஊருக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் ஒவ்வொன்றாக வரும். அவற்றோடு சில சமயம் இன்னொரு தாளும் சேர்ந்து வரும்: இந்த ஆவணத்தைத் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்துக்கான காரணங்களைக் காட்டும் அறிக்கை. தாமதமானால் ஏன் என்று அவைக்குச் சொல்லியாக வேண்டும், அதுவும் எழுத்தில். எங்கள் சித்தப்பா மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆலையை நடத்தும் ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆண்டறிக்கை மேசைக்கு வந்த அன்று அதில் மணவாளக்குறிச்சி பற்றி இருந்ததைத் தமிழில் சொல்லிக் கேட்க வைத்தேன். இத்தனை வருஷம் நாங்க அள்ளின மண்ணுக்கு அங்க கணக்கு சொல்லுவாங்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு மக்களவையில் 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், கேட்ட உறுப்பினர் மேற்கொண்டு இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். எந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும் என்பது குலுக்கல். 20 இருந்தாலும் பெரும்பாலான நாட்களில் நாலைந்துதான் எடுக்க முடியும், மீதிக்கு எழுத்துப் பதில். அதனால் பட்டியலில் நம் கேள்வி மூன்றாவதாக வருவதற்கும் பதிமூன்றாவதாக வருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கேள்வி எழுதுவதே தனி வேலை. 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், கருத்துச் சொல்லக் கூடாது, மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்கக் கூடாது. நம் கடற்கரையில் இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாம் சிக்கும். அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலில். அந்த எல்லை 12 கடல் மைல். துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து செத்தவருக்காக நான் எழுதிய முதல் கேள்வி அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் அப்போது சொன்னார், யாராவது கடல் விஷயமா வந்தா கரையிலேர்ந்து எத்தனை மைல்னு முதல்ல கேளு தம்பி என்று. கண்ணீரோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் எத்தனை மைல் என்று கேட்பது அத்தனை சுலபம் இல்லை. கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

இன்னொன்று, குமரி மாவட்டத்துக்காரர்கள் நாம், ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உள்ளவர்கள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழைக்காலத் தொடர் ஜூலையில் தொடங்கும்போது மேற்கே விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அலுவலகத்தில் கூட்டம் நிறையும்.

அப்படி ஒரு ஜூலையில்தான் அந்த அம்மா வந்தார். மேற்குக் கரையில் ஒரு ஊர். பங்குத்தந்தையின் கடிதம், மகனின் பாஸ்போர்ட் நகல், ஒரு போட்டோ, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். மகன் வளைகுடாவில் ஒரு முதலாளியின் படகில் சம்பளத்துக்குப் போனவன். எல்லை தாண்டினதாகச் சொல்லி பக்கத்து நாட்டுக் காவல்படை பிடித்துவிட்டது. கூடப் போனவர்கள் சிலர் ஜெயிலில் இருப்பதாகத் தகவல், இவன் பேச்சே இல்லை. நாலு மாதம் ஆகியிருந்தது.

வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு கேள்வி தயார் செய்தேன். வெளிநாட்டுச் சிறைகளில் உள்ள இந்திய மீனவர்கள் எத்தனை பேர், நாடு வாரியாக விவரம், சட்ட உதவிக்கு எடுத்த நடவடிக்கை என்ன. இங்கே ஒரு தப்பு செய்தேன், இன்றைக்கும் உறுத்துகிற தப்பு. நோட்டீஸ் 15 முழு நாட்களுக்கு முன்னால் போக வேண்டும், கொடுக்கிற நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. கடைசித் தேதி போட்ட அட்டவணையைச் செயலகமே தரும். நான் அதைப் பார்க்காமல் விரலில் எண்ணினேன். வெள்ளிக்கிழமைப் பதிலுக்குப் புதன்கிழமையே போயிருக்க வேண்டியது, வியாழன் காலையில் அனுப்பினேன். ஒரே ஒரு நாள். ஆனால் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு கிழமைதான், ஆகவே அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் போனது. போனில் என் தப்புதான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு நான் விரலில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரத்துக்குக் குலுக்கலில் வந்தது. நட்சத்திரக் கேள்வி, பட்டியலில் மூன்றாவது. ஆறு வருடத்தில் எங்களுக்கு மூன்றுக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். பட்டியலை இரண்டு முறை இறக்கிப் பார்த்தேன், கண்ணில் பட்டது சரிதானா என்று. நான் அப்போது நாகர்கோவிலில் இருந்தேன். வியாழக்கிழமை ராத்திரி அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு நம்ம கேள்வி மூணாவது வருதும்மா. மந்திரி எழும்பிப் பதில் சொல்லணும்."

"எனக்க பிள்ளைக்க பேரைச் சொல்லுவாங்களா மக்களே?"

"பேர் வராதும்மா. எத்தனை பேர்ங்கிற எண்ணம்தான் வரும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஜெபமாலை சொல்லும் குரல்கள் மட்டும் கேட்டன.

"அப்போ அந்த எண்ணத்துல எனக்க பிள்ளையும் உண்டாண்ணு கேக்கச் சொல்லு மக்களே. அது போரும் எனக்கு."

டெல்லியில் உறுப்பினர் கையில் கொடுப்பதற்கு இரண்டு துணைக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவதை அடித்துவிட்டேன். பிடிபட்டவர்களின் பட்டியலில் தன் மகன் இருக்கிறானா என்பதை ஒரு குடும்பம் எங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது, அதற்கு ஏற்பாடு உண்டா, என்று மாற்றி எழுதி அனுப்பினேன். எத்தனையோ கேள்விகள் எழுதியிருக்கிறேன். அந்த அம்மா கேட்டதைவிடச் சரியான கேள்வியை நான் எழுதியதில்லை.

வெள்ளி காலை 11 மணி. அலுவலகத்தில் டிவிக்கு முன்னால் நான். அவை கூடியது, முதல் கேள்விக்குப் பெயர் கூப்பிட்டார்கள், அதற்குள் போராடும் உறுப்பினர்கள் அவையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டார்கள். சில நிமிடத்தில் 12 மணி வரை ஒத்திவைப்பு. அன்று எதற்காகப் போராடினார்கள், யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. அதிலும் உண்மையான வலி இருந்திருக்கலாம். ஆனால் அவை ஒத்திவைக்கப்பட்டால் என்ன போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மசோதா நாளைக்கு வரும். அறிக்கை மேசைக்கு எப்படியும் வந்துவிடும். நட்சத்திரக் கேள்விக்குக்கூட அச்சடித்த பதில் அவையில் வைக்கப்பட்டதாகக் கணக்காகிவிடும், பதிவேட்டைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. போவது துணைக் கேள்விதான். அது எந்தத் தாளிலும் இல்லை, மறுநாளைக்கு மாற்றவும் வழி இல்லை.

மத்தியானம் பதில் இணையதளத்தில் ஏறியது. ஆங்கிலத்திலும் இந்தியிலும். இதே மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, 1977ல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து போன குமரி அனந்தன், அவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக நின்று போராடினார் என்று பெருமையாகச் சொல்வோம். பதில் தமிழில் வந்து சேர இன்னும் எங்களைப் போல ஒருவர் போனில் உட்கார வேண்டியிருக்கிறது. இணைப்பில் நாடு வாரியாக அட்டவணை. அந்த நாட்டுக்கு நேராக ஓர் இரண்டு இலக்க எண். போனில் அந்த அம்மாவுக்கு வாசித்தேன். "கேட்டாங்களா?" என்றார். அவை நடக்கவில்லை என்பதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

அன்று சாயங்காலமே அமைச்சருக்கு ஒரு கடிதம் அடித்தோம். முதல் வரியில் கேள்வி எண்ணும் தேதியும், கூடவே பாஸ்போர்ட் நகல். இன்ன தேதியில் அவையில் வைத்த பதிலின் அட்டவணையில் உள்ள இந்த எண்ணில் இவரும் அடக்கமா என்று நேராகக் கேட்டோம். அவையில் வைத்த பதிலைக் காட்டிக் கேட்டால் கடிதம் கொஞ்சம் வேகமாக நகரும், அது என் அனுபவம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அடக்கம். தூதரக அதிகாரி சிறையில் நேரில் பார்த்திருக்கிறார், உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் அந்த அம்மா அழுதது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்த நாடாளுமன்றப் பதிலின் அச்சுப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டு முன்பே வாங்கிப் போயிருந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுத் தரச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன்.

மகன் ஊருக்கு வர மேலும் ஐந்து மாதம் ஆனது. வந்த வாரத்தில் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவன் மெலிந்து போயிருந்தான், அதிகம் பேசவில்லை, டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அந்த அம்மா அதே பிளாஸ்டிக் கவரைத் திறந்து, ரேஷன் கார்டுக்கும் நலவாரிய அட்டைக்கும் நடுவில் இருந்து மடித்த தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்து கிழியத் தொடங்கியிருந்தது, நான் போட்ட கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"இது இனி எனக்கு வேண்டாம் மக்களே. வேற ஆருக்க பிள்ளையும் இதுல உண்டாயிருக்கும், அவங்களுக்குக் குடு."