எக்ஸ்ரே சரி, கை சரியில்லை: சி.ஆர்.பி.எஸ். சிகிச்சையில் நான் கடந்து வந்தவை

மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டுக்குள் இருந்தபோதே கை எரியத் தொடங்கிவிட்டது. முறிவு வலி என்றால் நாளாக ஆகக் குறைய வேண்டும். இது ஏறிக்கொண்டே போனது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் புறங்கை வீங்கி, தோல் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளத்தது. நிறம் கருஞ்சிவப்பு. உள்ளங்கை மட்டும் வேர்த்து ஒழுகியது. அந்தக் கையின் நகங்கள் மற்ற கை நகங்களைவிட நீளமாக வளர்ந்திருந்தன. சட்டைக் கை லேசாக உரசினால் போதும், உயிர் போகும். மின்விசிறிக் காற்றுகூடப் படக் கூடாது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லா கூடியிருக்கு. நீங்கதான் பயந்துக்கிட்டு கையை அசைக்காம வெச்சிருக்கீங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி சரிதான், எலும்பு கூடித்தான் இருந்தது. ஆனால் கையைத் தொட்டுப் பார்க்காமலே அந்த முடிவுக்கு வந்தார் என்பதுதான் இன்னமும் என் வருத்தம். ஏனென்றால் எனக்கு வந்திருந்தது சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்), அதாவது அடிபட்ட கையிலோ காலிலோ காயத்துக்குப் பொருந்தாத வலி தொடரும் நோய். நோயாளி சொல்வதைக் கேட்டு, கையைத் தொட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

வலி சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. அவர் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பஞ்சால் வருடினார். மழுங்கிய ஊசியால் லேசாகத் தொட்டார். தோலின் சூட்டை அளக்கும் கருவியை இரு கைகளிலும் ஒரே இடத்தில் காட்டினார். விரல்களை மடக்கச் சொன்னார், நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஒரு விசித்திரமான வேலை கொடுத்தார்: "கண்ணை மூடிக்கிட்டு, உங்க கை எப்படி இருக்குன்னு சொல்லுங்க. பார்த்ததை வெச்சு இல்லை, உள்ளுக்குள்ள தோணுறதை வெச்சு." கட்டைவிரல் பெரிதாக, உருண்டையாகத் தோன்றியது. மோதிரவிரல் இருக்கும் இடமே தெரியவில்லை. சொல்லவே கூச்சமாக இருந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். இந்த நோய் உள்ள பலருக்குத் தங்கள் கையோ காலோ அந்நியமாகத் தோன்றும், அளவு மாறித் தெரியும் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவர் பயன்படுத்தியது புடாபெஸ்ட் அளவுகோல். 2003-ல் அந்த நகரத்தில் கூடிய நிபுணர்கள் வகுத்தது என்பதால் இந்தப் பெயர். முதல் நிபந்தனை, பட்ட அடிக்குப் பொருந்தாத அளவுக்கு வலி தொடர வேண்டும். அடுத்து நான்கு வகைகள்: தொடு உணர்வு, தோலின் நிறமும் சூடும், வியர்வையும் வீக்கமும், அசைவும் முடி, நகம், தோல் மாற்றங்களும். நோயாளி சொல்வதில் குறைந்தது மூன்று வகைகள் இருக்க வேண்டும். டாக்டர் அந்த நேரத்தில் நேரில் காண்பதில் குறைந்தது இரண்டு வகைகள் இருக்க வேண்டும். கடைசியாக, வேறு எந்த நோயும் இதைவிடப் பொருத்தமாக இதை விளக்கக் கூடாது.

இதில் 'அந்த நேரத்தில்' என்பதுதான் வில்லங்கம். காலையில் சிவந்து வீங்கும் கை, டாக்டர் முன்னால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். நான் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது உதவும், ஆனா இது நீங்க சொன்னதுலதான் சேரும், நான் பார்த்ததுல சேராது" என்றார். கையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். நிறம் மாறியது. அதைக் குறித்துக்கொண்டார். சந்தேகத்தோடு டாக்டரிடம் போகிறவர்கள் எந்த நேரத்தில், எதைச் செய்தால் கை மோசமாகிறது என்று எழுதிக்கொண்டு போவது நல்லது. முடிந்தால் அந்த நேரத்துக்கே போவது இன்னும் நல்லது.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, எலும்பு ஸ்கேன் வேண்டாமா என்று கேட்டேன். எலும்பு ஸ்கேனில் மாற்றம் தெரிந்தால் துணைச் சான்று. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் என்றார். ரத்தப் பரிசோதனை, ரத்தக்குழாய் ஸ்கேன், நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை எல்லாம் செய்தார்கள். ஆனால் அவை சி.ஆர்.பி.எஸ்.ஸை நிரூபிக்க அல்ல. கிருமித் தொற்றா, ரத்தக்கட்டா, நரம்பு நசுங்கலா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடத்தான். நரம்புக் காயம் தெளிவாக இருந்தால் இரண்டாம் வகை, இல்லாவிட்டால் முதல் வகை. என்னுடையது முதல் வகை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தப் பெயர் வந்ததே 1994-ல்தான். அதற்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட வீரர்களிடம் மருத்துவர் வெயர் மிட்செல் கண்ட எரிவலி காசால்ஜியா எனப்பட்டது. 1900-ல் ஜெர்மன் மருத்துவர் பால் சூடெக் விவரித்த எலும்புத் தேய்வு அவர் பெயராலேயே வழங்கியது. பின்னாளில் ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரஃபி என்றார்கள். என் முதல் டாக்டரின் அலமாரியில் இருந்த புத்தகத்தில் எந்தப் பெயர் இருந்ததோ!

அளவுகோலின் எண்களையும் பார்த்தேன். 2010-ல் வெளியான ஆய்வில், வேறு நரம்புவலி உள்ளவர்களோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள். நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரைப் புடாபெஸ்ட் அளவுகோல் பிடித்துவிடுகிறது. நோய் இல்லாதவர்களை இல்லை என்று சொல்வதில் 68 சதவீதம்தான் சரி. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த 1994-ஆம் ஆண்டு அளவுகோலில் இது 41 சதவீதமாக இருந்ததாம். அதாவது நழுவவிடுவது குறைவு, ஆனால் வேறு வலிக்கு இந்த முத்திரை விழுந்துவிட இன்னமும் இடம் இருக்கிறது. 'வேறு எந்த நோயும் விளக்கக் கூடாது' என்ற கடைசி வரி எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது.

சிகிச்சை ஆய்வுகளைப் படிக்கப் படிக்க ஒரு சலிப்பு வந்தது உண்மை. சிறிய சோதனையில் ஒரு மருந்து ஜொலிக்கும், பெரிய சோதனையில் மங்கிவிடும். இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புரதம்) ஊசி 2010-ல் மிகச் சிறிய ஆய்வில் வலியைக் குறைத்தது. 2017-ல் 111 பேரிடம் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. நெரிட்ரோனேட் என்ற எலும்பு மருந்து இத்தாலியில் 82 பேரிடம் நன்றாக வேலை செய்ததாக 2013-ல் வெளிவந்தது. பிறகு நடந்த பெரிய சோதனைகள் 2019-ல் பாதியில் நிறுத்தப்பட்டன. மணிக்கட்டு முறிந்தவுடன் வைட்டமின் சி சாப்பிட்டால் இந்த நோய் வராமல் தடுக்கலாம் என்று 1999-ல் நெதர்லாந்து ஆய்வு சொன்னது. 2014-ல் வேறொரு குழு அதையே சோதித்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்துவதும் முதலில் நல்ல நிவாரணம் தந்தது. 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கருவி இல்லாதவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "மருந்து வலியைப் போக்கப் போறதில்லைங்க. நீங்க கையை அசைக்கிறதுக்குக் கொஞ்சம் இடம் பிடிச்சுக் கொடுக்கும். அந்த இடத்தை நீங்க பயன்படுத்தணும்" என்றார். நான் படித்த கட்டுரைகளைவிட இது தெளிவாக இருந்தது. ஆரம்பத்தில் கை சூடாக, வீக்கத்தோடு இருந்ததால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். வீக்கம் நன்றாகவே வற்றியது. நரம்புவலிக்கான கபாபென்டின் மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் தணித்தது, பதிலுக்கு நாள் முழுக்கத் தூக்கம் சொக்கியது. பிறகு கை குளிர்ந்து நீலம் பாய்ந்தபோது கழுத்திலுள்ள நரம்பு முடிச்சை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கியது, குரல் கம்மியது, கை கதகதப்பானது. முன்பே சொல்லியிருக்காவிட்டால் பக்கவாதம் என்று பயந்தே போயிருப்பேன். இந்த ஊசிக்கும் ஆதாரம் பலவீனம்தான். வலி குறைந்திருந்த அந்தச் சில மணி நேரத்தில் நேராகப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள்.

என் கதையின் பெரும்பகுதி நடந்தது அந்த அறையில்தான். முதல் வேலை கையையே தொடவில்லை. திரையில் கைகளின் படம் வரும், இடதா வலதா என்று சட்டென்று சொல்ல வேண்டும். நல்ல கை என்றால் உடனே சொல்லிவிடுவேன். நோய்ப்பட்ட கையின் படம் வந்தால், அதுவும் முறுக்கிய நிலையில் வந்தால், மண்டை நின்றுவிடும். அடுத்த கட்டம், அசைப்பதாக மனதில் நினைப்பது. மூன்றாவது, கண்ணாடி. ஆஸ்திரேலியாவில் வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2004-ல் சோதித்த வரிசை இது. கண்ணாடியை முதலில் கொண்டுவந்தவர் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் இல்லாத கைவலிக்காக.

மனதில் நினைப்பது சுலபம் என்று நினைத்தேன். முஷ்டியை மடக்குவதாக நினைத்ததற்கே விண்விண்ணென்று தெறித்தது, அன்று மாலை விரல்கள் தடித்தன. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று தோன்றியது. பிசியோதெரபிஸ்ட் அம்மா பதறவே இல்லை. "சார், இதுவும் எழுதி வெச்சிருக்காங்க" என்று 2008-ல் வெளிவந்த ஆய்வுகளைச் சொன்னார். ஒன்றில், நினைப்பால் மட்டுமே வலியும் வீக்கமும் கூடியதை அளந்திருக்கிறார்கள். இன்னொன்றில், தொலைநோக்கியால் கையைப் பெரிதாகக் காட்டியபோது வலி கூடியிருக்கிறது. திருப்பிப் பிடித்துச் சிறிதாகக் காட்டியபோது வலியும் வீக்கமும் குறைந்திருக்கின்றன. மூளையில் அந்தக் கைக்கான பகுதி சுருங்குவதையும், வலி தணிந்தவர்களுக்கு அது மறுபடி விரிவதையும் ஜெர்மனியில் பதிவு செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

கண்ணாடிப் பயிற்சி இப்படி. மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நோய்ப்பட்ட கையைப் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் இரண்டு கைகளும் அசைவதுபோல் தெரியும். மோதிரம், வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஏமாற்று வேலை கலைந்துவிடும். முதலில் கையைப் பார்க்கவே குமட்டியது. கொஞ்ச நாளில், மறைந்திருந்த கை தானாகவே கூட அசைய ஆரம்பித்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த வரிசையை இங்கிலாந்தில் இரண்டு மையங்களில் அன்றாடச் சிகிச்சையாகச் செய்து பார்த்தபோது, ஆய்வில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை என்று 2012-ல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உதவியது. கண்ணாடிதான் உதவியதா, அதற்குள் ஓடிவிட்ட மாதங்கள் உதவினவா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

எனக்குப் பிடித்தது வேறொரு பயிற்சி. புறங்கையில் பேனாவால் புள்ளிகள் வைத்து எண் போடுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, தக்கையாலோ பேனா முனையாலோ ஒரு புள்ளியைத் தொடுவார். எந்த எண், எந்தப் பொருள் என்று சொல்ல வேண்டும். வலிக்கிறதா என்பதே கேள்வி இல்லை. பதிலைத் தேடும் கவனத்தில், பஞ்சைக்கூடத் தாங்காத தோல் பேனாவைத் தாங்கியது.

மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். கோபம்தான் வந்தது, 'எல்லாம் மனசுல' என்கிறார்களோ என்று. அப்படி இல்லை என்பதற்கும் ஆய்வு இருக்கிறது: நெதர்லாந்தில் எலும்பு முறிந்த 596 பேரை முதலிலிருந்தே கவனித்ததில், மனநிலைக் காரணிகள் எதுவும் யாருக்கு இந்த நோய் வரும் என்று முன்கூட்டிக் காட்டவில்லை. ஆனால் வந்த பிறகு, பதற்றமும் வலி பற்றிய பயமும் அதிகம் உள்ளவர்கள் மெதுவாகத்தான் தேறுகிறார்கள். அந்தப் பயத்தோடுதான் எனக்கு அங்கே வேலை இருந்தது. வலிக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வலிக்கிறது, ஆனால் சேதமில்லை என்று நம்பி ஒரு கதவின் கைப்பிடியைத் திருக, நாள்கணக்கில் பேச வேண்டியிருந்தது.

இப்போது தட்டச்சு செய்கிறேன், பை தூக்குகிறேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையைத் தொடுவதற்குள் நின்றுவிடுகின்றன. குளிரில் கை நிறம் மாறுகிறது. ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் மற்ற கையைத்தான் நீட்டுகிறேன். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடிகளை) எலிகளுக்குச் செலுத்தினால் எலிகளுக்கும் அதே மாதிரி வலிக் கூர்மை வருகிறது என்று காட்டும் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கிறேன். புதிய மருந்து வருமானால் அந்தப் பக்கத்திலிருந்து வரலாம் என்பது என் ஊகம். அடுத்த முறை போகும்போது கபாபென்டினை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று கேட்க வேண்டும். கேள்விகளை அந்தக் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், எழுத்து கொஞ்சம் கோணல்தான்.