அலுவல் இல்லாமல் காட்டுக்குப் போன கதை

ஆடி மாத விடுமுறைக்கு மெல்பேர்ணில் இருந்து வந்திருந்த என் அக்காவின் மகன், வந்த மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "மாமா, கிட்டடியில லேசான புஷ்வோக் ஒண்டு போவமோ?" என்று கேட்டான். அது என்னவென்று விசாரித்தேன். காட்டுக்குள் நடந்து போய், காட்டைப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்பி வருவது என்றான். வரும்போது எதைக் கொண்டு வருவீர்கள் என்று என் மனைவி கேட்டார். காட்டில் இருந்து ஓர் இலையையும் எடுக்கக் கூடாது, நாம் கொண்டுபோன குப்பையை மட்டும் திருப்பிக் கொண்டு வர வேண்டும் என்று அவன் விளக்கினான். "குப்பையைக் கொண்டு வாறதுக்கு ஏன் போவான், இஞ்சையே இருக்கட்டுமே" என்று சொல்லி அவர் குழம்பை ஊற்றினார்.

அவுஸ்திரேலியாவில் நடைபாதைகளை ஐந்து தரங்களாக வகுத்திருக்கிறார்களாம். முதலாம் தரம் என்றால் படியும் இல்லை, செங்குத்தான ஏற்றமும் இல்லை, தூரம் 5 கிலோமீற்றரைத் தாண்டாது, சக்கர நாற்காலியில் இருப்பவரைக்கூட ஒருவர் துணையுடன் அழைத்துச் செல்லலாம். எனக்கு அறுபத்து மூன்று வயது என்பதால் முதலாம் தரமே போதும் என்று அவன் பெருந்தன்மையோடு தீர்மானித்தான். 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்தை அவன் இணையத்தில் பார்த்து வைத்திருந்தான். ஆனால் வலசைப் பறவைகள் வருகிற மாரிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. தேசிய பூங்காக்களில் நினைத்த இடத்தில் இறங்கி நடக்கவும் விடமாட்டார்கள். ஆகவே இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் குளக்கட்டின் கீழே, இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் கொண்ட சிறிய பூங்காவில் தொடங்கி, அதன் பின்னால் உள்ள காட்டுத்துண்டைச் சுற்றி வருவதென்று முடிவாயிற்று. மொத்தம் இரண்டு கிலோமீற்றர். நாற்பது நிமிடம் என்று அவனுடைய தொலைபேசி கணித்தது.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். அவன் கணுக்கால் வரை மூடிய சப்பாத்தும், அகன்ற தொப்பியும், குழாய் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் முதுகுப் பையும் அணிந்து, இரு கைகளிலும் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தான். நான் சாரமும் பாட்டா செருப்பும். ஊன்றுகோல்களைக் கண்ட அயல்வீட்டுப் பெரியம்மா வேலிக்கு ஓடிவந்து, "தம்பிக்குக் கால் ஏலாதோ?" என்று கவலைப்பட்டார். நலமாகத்தான் இருக்கிறான், காட்டுக்குப் போகிறோம் என்றேன். "என்ன அலுவலா?" என்றார். இந்த இடத்தில் நான் "சும்மா" என்று சொன்னது பெரும் பிழை.

வன்னியில் ஒருவர் விறகுக்குப் போவார், தேனுக்குப் போவார், மாடு தேடப் போவார், சும்மா போகமாட்டார். சும்மா போகிறவனுக்குக் கையும் சும்மாதானே இருக்கும் என்ற நியாயத்தின்படி, பெரியம்மா ஒரு வாளியைத் தந்து பாலைப்பழம் கேட்டார். அடுத்த வீட்டில் முசுட்டை இலை கேட்டார்கள். என் மனைவியே படலை வரை வந்து, மண்வெட்டிப் பிடிக்கு ஏற்ற காய்ந்த தடி கண்டால் விடவேண்டாம் என்றார். தேத்தண்ணிக் கடையில் இருந்த மாட்டுக்கார அண்ணை, தம்முடைய சிவலை நாம்பன் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்றும், வலது தொடையில் 'க' என்று குறி சுட்டிருக்கிறது என்றும், கண்டால் சாய்த்துக்கொண்டு வரும்படியும் கேட்டு, இருவருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தார். பூங்காவுக்கு நானூறு மீற்றர்தான். போய்ச் சேர்ந்தபோது மணி ஏழேகால்.

காட்டின் வாசலில் நான் வழக்கப்படி ஒரு குழையை முறித்து, ஐயனாரை நினைத்து ஒரு கிளையில் தொங்கவிட்டேன். மருமகன் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். வழி தவறாமல் இருக்க நான் அடையாளம் வைப்பதாக எண்ணி, ஓர் இலையையும் எடுக்கக் கூடாது என்ற தன் சட்டத்தை மறந்து, பத்துப் பத்து அடிக்கு ஒரு குழையாகத் தொங்கவிட்டபடி பின்னால் வந்தான். நான் திரும்பிப் பார்த்தபோது எங்கள் வழி தேர்த்திருவிழாத் தெருவைப் போல இருந்தது. இத்தனை அழைப்புக்கு ஐயனார் எந்த மரத்தடிக்கு வருவார் என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை.

பாதையை விட்டு விலகக் கூடாது என்பது அவனுடைய நாட்டிலும் விதிதானாம். அங்கே செடிகள் மிதிபட்டு மண் அரித்துவிடும் என்பதற்காக. இந்தக் காட்டில் மிதிவெடி அகற்றி முடிந்து வருடங்களாகிவிட்டாலும், மாட்டுத்தடத்தை விட்டுக் கால் எடுத்து வைக்கக் கூடாது என்று அக்கா தொலைபேசியில் அவனிடம் மூன்று முறை சத்தியம் வாங்கியிருந்தார். காரணம் வேறானாலும் கீழ்ப்படிந்தான்.

பாலைமரத்தடியில் மஞ்சள் பழங்கள் கொட்டிக் கிடந்தன. அவன் ஒரு கைப்பிடி தின்றுவிட்டு, பால் பிசின் ஒட்டி உதட்டைத் திறக்க முடியாமல் சற்று நேரம் சைகையில் பேசினான். சைகை மேலே காட்டியது. மரப்பட்டையில் நகக்கீறல்கள் இருந்தன. பாலைப்பழக் காலத்தில் கரடியும் இந்த மரத்துக்குத்தான் வரும் என்று நான் சொன்னதும், வாளி கால்வாசி நிறைந்தது போதும் என்று இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம். முசுட்டையும் தடியும் அத்துடன் மறந்து போயின.

வேகமாகத் திரும்பும் வழியில்தான் அந்தச் சிவலை நாம்பன் நின்றது. மருமகன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவன். தொடையை உற்றுப் பார்த்து "மாமா, க!" என்று கூவினான். நான் முப்பது வருடம் தமிழ் கற்பித்தவன், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன், ஆகவே "க"தான் என்று உறுதிப்படுத்தினேன். காலையில் இருந்து எதற்கென்று தெரியாமல் இருந்த ஊன்றுகோல்களுக்கு அப்போதுதான் வேலை கிடைத்தது. அவற்றால் இரு பக்கமும் மறித்து, நாம்பனை ஒன்றரை மணி நேரம் சாய்த்து வந்தோம். அது வழி நெடுகத் தொங்கிய குழைகளை ஒவ்வொன்றாக நின்று தின்றுகொண்டே வந்தது. ஐயனாருக்கு நான் போட்டதையும் விடவில்லை.

தேத்தண்ணிக் கடையில் மாட்டுக்கார அண்ணை தொடையைத் தடவிப் பார்த்தார். "மாஸ்ரர், இது 'த' எல்லோ." அவருடைய நாம்பன் எட்டு மணிக்கே தானாக வந்து பின்வளவில் படுத்திருந்ததாம். 'த' என்பது அடுத்த ஊரில் உள்ள, முன்கோபத்துக்குப் பேர்போன ஒருவருடைய குறி. அவர் மாடு தேடி வருவதற்குள் எடுத்த இடத்தில் விட்டுவிடுவதுதான் தமிழ் ஆசிரியருக்கு அழகு என்று கடையில் இருந்தவர்கள் ஏகமனதாகச் சொன்னார்கள்.

உச்சி வெயிலில், சோளகக் காற்று புழுதியை அள்ளி வீச, மறுபடி புறப்பட்டோம். தொலைபேசி ஏழு கிலோமீற்றர் காட்டியது. இரண்டாம் தரமா என்று கேட்டேன், அவன் பதில் சொல்லவில்லை. குளக்கட்டில் குளித்துவிட்டு வந்த ஒருவர் எங்களையும் நாம்பனையும் ஊன்றுகோல்களையும் மாறி மாறிப் பார்த்து, "எங்கை போறியள்?" என்றார்.

"மாடு விட" என்றான் மருமகன்.

"ஓ" என்று தலையாட்டிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் அவர் தம் வழியே போனார்.